மூலையிலிருக்கும் சின்னப் படம்

"எல்லாத்தையும் பாக்கத்தான செய்தேன், டீச்சரம்மா. பொறவும் ஏன் சாவுதேன்?"

ஆட்டோ ஓட்டும் மாசானமுத்து வாசலில் நின்றபடியே கேட்டான். கையில் போன். விளையாட்டுத் திரைக்குள் அவனுடைய வீரன் காட்டோரம் குப்புற விழுந்து கிடந்தான்.

வடிவு கதவுக்குப் பின்னாலிருந்தே போனை எட்டிப் பார்த்தாள்.

அவனைவிடப் பத்து வயது சின்னவள். அதே வளவில் கடைசி வீடு. ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் பாதி ஒளிந்துகொண்டுதான் பேசுவாள். ஆனால் ஐந்து பேருக்கு ஐந்து பேர் மோதும் அந்தக் கோட்டை விளையாட்டில் 'மழைக்கிளி' என்ற பெயரைக் கண்டால், முன்பின் தெரியாத ஊர்க்காரன்கூட ஒதுங்கிப் போவான். மழைக்கிளி இவள்தான் என்று மாசானத்துக்குத் தெரிந்து நாலு நாள்தான் ஆகிறது. அன்றிலிருந்து அவனுக்கு இவள் டீச்சரம்மா.

"ஞாயித்துக்கிழமை பைனல். இந்தத் தடவையும் நான் மொதல்ல விழுந்தேன்னா டீம விட்டே தூக்கிருவானுவ. ஸ்டாண்டுல மூஞ்சி காட்ட முடியாது, பாத்துக்கிடுங்க."

"என்னத்தப் பாப்பீங்க?"

"உசிரு கொறையுததக் காட்டுத கோட்டப் பாப்பேன். எத்தன பேர விழத்தட்டிருக்கேன்னு மேல நம்பர் ஓடும்லா, அதப் பாப்பேன்."

வடிவு உள்ளே போனாள். கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த பொட்டுகளில் ஒன்றை எடுத்து வந்தாள். மேலே ஓடும் நம்பர்மேல் ஒட்டினாள்.

"போயி ஆடுங்க."

மறுநாளும் வந்தான்.

"செத்துட்டேன்."

இன்னொரு பொட்டு. இந்த முறை உயிர்க்கோட்டின் மேல்.

"ஏம்மா, உசிரு எம்புட்டு மிச்சம்னு எப்படித் தெரியும்?"

"செத்தாத் தெரியும்."

மூன்றாம் நாள் மத்தியானம். வானம் மூடிக் கிடந்தது. மழையா, தூற்றலா என்று சொல்ல முடியாத ஒன்று ஓட்டின்மேல் விழுந்துகொண்டிருந்தது.

"இப்ப மூலையில இருக்க சின்னப் படந்தான் மிச்சம்," என்றான் மாசானம். "காடு, ஆறு, கோட்டை எல்லாம் அதுல தெரியுது. எதிரி நம்மாளு கண்ணுல பட்டா அதுல செவப்பா ஒரு புள்ளி. அவன் பனிக்குள்ள போயிட்டா புள்ளி அணைஞ்சிருது. சரிதான?"

"சரிதான்."

"செவப்பக் கண்டா ஓடிருதேன். செவப்பே இல்லாத எடமாப் பாத்துத்தான் நிக்கேன். அங்கயும் சாவுதேனே!"

வடிவு லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

"உக்காருங்கண்ணே. நான் ஆடுததப் பாருங்க."

உட்கார்ந்தான்.

அவள் விரல்கள் போன் கண்ணாடிமேல் எறும்பு ஊர்வதுபோல ஊர்ந்தன. திரைக்குள்ளே காடு. காட்டுக்கு மேலே வெள்ளை வெள்ளையாய்ப் பனி. ஜன்னலுக்கு வெளியேயும் அதே நிறம். எது உள்ளே, எது வெளியே என்று மாசானத்துக்கு மயங்கியது.

அடுப்படியில் வடிவின் ரெண்டு வயசு மகள் மதி, தட்டைப் போட்டுக் கரண்டியால் டணார் டணாரென்று அடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தச் சத்தத்துல எப்படிம்மா ஆடுதீங்க?"

அவள் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. மாசானத்துக்குக் கண் சொக்கியது. பனி, தூற்றல், டணார் டணார். எல்லாம் எங்கோ தூரத்தில் நடப்பதுபோல.

வடிவு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அவன் நிமிர்வதற்குள் அடுப்படியில் இருந்தாள். அவனும் எழுந்து ஓடினான்.

மதி சோப்புத்தூள் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிஞ்சுக் கை நிறையத் தூள். வாய் திறந்திருந்தது.

வடிவு கையைப் பிடித்தாள். தட்டிவிட்டாள். குழாயடியில் கழுவினாள். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஒங்க ஆளு செத்துட்டாம்மா," என்றான் மாசானம், போனைத் திருப்பிப் பார்த்து.

"சாவட்டும்."

"பிள்ள ஒரு சத்தமும் போடலியே. எப்படித் தெரிஞ்சிது?"

வடிவு முதன்முதலாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஆமா," என்றாள். "ஒரு சத்தமும் போடல."

மாசானம் தலையைச் சொறிந்துகொண்டே படியிறங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை. கல்யாண மண்டபத்தில் பெஞ்சு போட்டு ஐந்து ஆட்டோக்காரர்களும் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"என்னலே மாசானம், போனுக்குப் பொட்டு வச்சிருக்க? மாப்பிள்ள பாத்தாச்சோ?"

"வளைகாப்புக்குச் சொல்லிவிடு. வாரோம்."

"வாய மூடிட்டு ஆடுங்கலே."

அரைமணி நேரம் இழுபறி. பிறகு எதிரிக் கோட்டையின் வாசல் இடிந்து விழுந்தது. உள்ளே போக வேண்டியதுதான் பாக்கி. மண்டபமே எழுந்து நின்றது.

"ஏறு மாசானம், ஏறு! ஒரு பய இல்ல!"

அவன் திரையின் மூலையைப் பார்த்தான்.

மரம். ஆறு. பாதை. பனி. ஒரு சிவப்புப் புள்ளி கிடையாது. மண்டபத்துச் சத்தமெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல இருந்தது.

"ஒரு பயலும் இல்லியா?"

"ஒருத்தனும் இல்லடா! படமே காலியாக் கெடக்கு, பாக்கலியா?"

கரண்டிச் சத்தம் நின்றுபோன அடுப்படி மாசானத்துக்கு ஞாபகம் வந்தது.

"திரும்புங்கலே," என்றான். யாரும் கேட்கவில்லை. பெஞ்சை ஓங்கி அடித்தான். "எல்லாரும் திரும்புங்கலே!"

திட்டிக்கொண்டே தங்கள் வீரர்களைத் திருப்பினார்கள்.

அந்த வீரர்கள் நின்ற இடத்துக்குப் பின்னால், ஐந்து இடங்களில், பனி மெல்ல விலகியது.