தில்லைநாயகி ஓடிய ஹூப்ளி ஓட்டம்

கோவில்பட்டியில் பெண்களுக்கென்று இருக்கும் அந்த ஜிம்மில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குப் புது அட்டவணை ஒட்டினார்கள். பயிற்சியாளர் ஜெனிட்டா சின்னப் பெண்தான், ஆனால் எழுதினால் எழுதியதுதான். திங்கள், வியாழன் எடை தூக்க வேண்டும். செவ்வாய், வெள்ளி ஓட வேண்டும். சனிக்கிழமை இரண்டும், முதலில் எடை, பிறகு ஓட்டம். புதனும் ஞாயிறும் ஓய்வு.

அங்கே பயிற்சிக்கு வரும் தில்லைநாயகி அட்டவணையை இரண்டு தரம் படித்தாள். எடை என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் தூக்குவாள். ஓட்டம்தான் வராது. போன வாரம் யாரும் பார்க்காத நேரமாகத் தெருவில் ஓடிப் பார்த்தாள். நாலாவது வீட்டு வாசலிலேயே மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டாள். அந்த லட்சணத்தைப் பத்துப் பேர் பார்ப்பதா?

"எடை தூக்குன மறுநாளே ஓடுறதா? ஆகாது ஜெனிட்டா! ஹூப்ளியில நான் பட்ட பாடு எனக்குல்ல தெரியும்" என்று ஆரம்பித்தாள். அவள் புருஷன் ரயில்வேயில் இருந்தபோது ஆறு வருஷம் அங்கே, கர்நாடகத்தில், இருந்தவள்.

"அங்க என்ன தூக்குனீங்க மதினி?" என்று கேட்டாள் ராஜகனி. தீப்பெட்டி ஆபீஸில் சூப்பர்வைசர். எதையும் எண்ணிப் பார்த்துத்தான் நம்புவாள்.

"கைக்கு ஒரு கேஸ் சிலிண்டர்."

"காலி சிலிண்டரா?"

"காலியைத் தூக்குனா கையோட மேல பறந்துருதே! நெறஞ்சதுதான். மறுநாள் பாரு, எங்க வீட்டுக்காரரு சாப்பாட்டை மறந்துட்டு ரயிலேறிட்டாரு. தூக்குச்சட்டியோட ஓடுனேன். ரயிலைத் தாண்டிட்டேன். எஞ்சின் டிரைவர் தலையை வெளிய நீட்டி, 'அம்மா, கொஞ்சம் மெதுவாப் போங்க, பயணிகள் என்னைக் கேவலமாப் பாக்குறாங்க'ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. அடுத்த ஸ்டேஷன்ல இவர் இறங்குறாரு, நான் இலை போட்டு உக்காந்திருக்கேன். ரசத்துல ஆவி பறக்குது!"

"ஹூப்ளி டிரைவர் தமிழ்லயா பேசினாரு?"

"பயத்துல எந்தப் பாஷையும் வரும் ராஜகனி. இன்னும் கேளு. சரி, ரெண்டையும் ஒரே நாள்ல செஞ்சா என்னன்னு ஒரு ரயில்பெட்டியைக் கயித்துல கட்டி இழுத்துட்டே ஓடுனேன். உள்ள ஒரு அம்மா காபி ஆத்திட்டு இருந்தா, ஒரு சொட்டு சிந்தலை. ஆனா எடையில கை ஒரு பக்கம் வளந்திருச்சு, ஓட்டத்துல கால் ஒரு பக்கம் வளந்திருச்சு, ரெண்டுக்கும் ஒத்துப்போகலை. கை ஒண்ணாம் பிளாட்பாரத்துல நிக்குது, கால் மூணாம் பிளாட்பாரத்துக்குப் போயிருச்சு! அதான் சொல்றேன், நடுவுல ஒரு நாளாவது இடைவெளி வேணும்."

பெண்கள் பாய்களில் உருண்டு சிரித்தார்கள். ஜெனிட்டா மட்டும் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தாள்.

"சரிக்கா. ஓட்டத்தை நாளைக்கு மாத்திருவோம்."

தில்லைநாயகிக்குத் திக்கென்றது. நாளை என்றாலும் ஓட வேண்டுமே!

"புதனும் வேண்டாம்!" என்றாள் அவசரமாக. "ஒரு புதன்கிழமை ஓடித்தான் மோசம் போனேன். வேகம் மிஞ்சி, முந்தின ஞாயித்துக்கிழமைக்கே போய்ச் சேந்துட்டேன். கோழிக்கறி கொதிச்சிட்டு இருக்கு. திரும்பவும் மூணு நாள் வாழ்ந்துல்ல புதனுக்கு வந்தேன்!"

"அப்போ அந்த வாரம் உங்களுக்கு ரெண்டு ஞாயிறா?" என்று கேட்டாள் ஜெனிட்டா.

"ரெண்டு!"

"அப்படின்னா ஓய்வெல்லாம் ஏற்கெனவே எடுத்தாச்சு. ஷூவைக் கட்டுங்கக்கா, இன்னிக்கே ஓடுவோம்."

தப்ப வழியில்லை. பக்கத்து மைதானத்தில் எல்லாரோடும் ஓடினாள். முதல் சுற்றில் பாதி போனதுமே காது அடைத்தது, கண் இருட்டியது. இருந்தாலும் நாலு வீட்டுத் தூரத்தை எப்போதோ தாண்டியாயிற்று என்று கணக்குப் போட்டுக்கொண்டே இன்னும் பத்தடி ஓடினாள். பிறகு புல்லில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

சுற்றை முடித்துவிட்டு வந்த ராஜகனி குனிந்து பார்த்தாள். "என்ன மதினி, நின்னுட்டீங்க?"

"யாரு... நின்னா?" மூச்சு வாங்கியது தில்லைநாயகிக்கு. "பூமிதான் சுத்துதே... அதுவே என்னை... ஒரு சுத்து கொண்டுவந்து விட்டுரும்."

ராஜகனி கையை நீட்டினாள்.

"அதுக்கு இருபத்திநாலு மணி நேரம் ஆகும். எந்திரிங்க."