அஞ்சாப்புலி நேராக நடந்த கடைசி நாள்

“ஊர் சுத்திக் காட்டப் போறவன் ஒரு கண்ணை வழியில வைக்கணும், இன்னொரு கண்ணை…” என்று பெரியப்பா ஏதோ சொல்வார். அந்த இன்னொரு கண்ணை எதில் வைக்கச் சொன்னார் என்பது மட்டும் அஞ்சாப்புலிக்கு மறந்துபோயிருந்தது. அதற்காக அவன் கவலைப்படவும் இல்லை. இரண்டு கண்ணையும் வழியிலேயே வைத்துப் பிழைப்பு நன்றாகத்தான் ஓடியது.

அந்தக் காலத்தில் புழு பூச்சிக்குக்கூடப் பேச்சு உண்டு. நண்டுகள் நம்மைப் போல நேராகவே நடந்தன. அஞ்சாப்புலி தரங்கம்பாடிக் கரை நண்டு. வெளியூர்ப் பிராணிகளுக்குக் கோட்டையையும், கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்த சிவன் கோயிலையும் சுற்றிக் காட்டுவது அவன் வேலை.

ஒருநாள் காலை மாயவரம் பக்கத்துத் தாமரைக் குளத்திலிருந்து தையம்மாள் என்ற நத்தை வந்தாள். கடலைக் கண்ணால் பார்த்துவிட வேண்டுமென்பது அவளுடைய வெகுநாள் ஆசை. துணைக்கு வந்த தவளை மருதமுத்து, அஞ்சாப்புலியைத் தனியே அழைத்துப் போனான்.

“அண்ணே, அக்கா மேல உப்புத்தண்ணி பட்டா அத்தோட முடிஞ்சுது. அவங்க வீட்டுக்கு நான்தான் பதில் சொல்லணும்.”

“என்னை நம்பி வந்தவங்களை அலை நனைச்சதா சரித்திரமே இல்ல,” என்றான் அஞ்சாப்புலி.

கிளம்பினார்கள். அஞ்சாப்புலிக்கு வாய் திறந்தால் மூடாது. கோட்டைச் சுவரின் கனம், பீரங்கி நின்ற மேடை, கிடங்கில் மிளகு மணத்த கதை என்று அடுக்கிக்கொண்டே முன்னால் விறுவிறுவென்று நடந்தான். நடுநடுவே, “விளங்குதா அக்கா?” என்பான். பதில் வராது. வாயடைத்துப் போய்விட்டாள் என்று அவனுக்கு உள்ளூரப் பெருமை. கோயில் வாசலுக்கு வந்துதான் திரும்பிப் பார்த்தான். மருதமுத்து மட்டும் நின்றான்.

“அக்கா எங்கடா?”

“உன் பேச்சுல சொக்கி நானும் கோட்டை விட்டுட்டேன் அண்ணே.”

அலை ஏறத் தொடங்கியிருந்தது. அஞ்சாப்புலி அந்தக் கரை முழுக்க விழி பிதுங்கத் தேடினான். பிதுங்கிய கண் இரண்டும் காம்பு போல நீண்டு நின்றன. பிறகு உள்ளே போகவே இல்லை. அந்த நீண்ட கண்ணுக்குத்தான் வெயிலில் மினுங்கிய வழவழப்பான கோடு தட்டுப்பட்டது. தையம்மாள் ஊர்ந்த தடம். அது கடலை நோக்கிப் போயிற்று.

கோயிலிலிருந்து சரிந்து கரையோரம் கிடந்த ஒரு கல்லின் உச்சியில் அவள் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் தண்ணீர்.

“தம்பி, இதுல எங்க குளத்துத் தாமரையைச் செதுக்கி வச்சிருக்காங்க. நீ இதைச் சொல்லவே இல்லையே,” என்றாள். அலை ஏறுவதை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை.

அஞ்சாப்புலி நேரே பாய்ந்தான். முதல் அலை அவனை மல்லாக்கக் கவிழ்த்தது. எழுந்து மறுபடி போனான், மறுபடி கவிழ்ந்தான்.

“மார்பைக் காட்டிக்கிட்டுப் போனா அது தள்ளத்தானே செய்யும்! விலாவைக் காட்டுண்ணே!” என்று கரையிலிருந்து கத்தினான் மருதமுத்து.

அஞ்சாப்புலி பக்கவாட்டில் திரும்பினான். கால்கள் மணலைப் பற்றிக்கொண்டன. அலை மேலே வழிந்து போயிற்று. கல்லில் தொற்றி ஏறித் தையம்மாளைத் தலைக்கு மேல் கொடுக்கில் தூக்கிக்கொண்டான். அலை பின்வாங்கிய இடைவெளியில், ஒரு கண் கரை மேல், ஒரு கண் அவள் மேல், அப்படியே பக்கவாட்டிலேயே நடந்து வந்து காய்ந்த மணலில் இறக்கினான். அவள் மேல் ஒரு சொட்டு படவில்லை.

தையம்மாள் ஓட்டுக்குள்ளிருந்து மெல்லத் தலையை நீட்டினாள். “கடலை இவ்வளவு கிட்டத்துல எங்க வம்சத்துல யாரும் பார்த்ததில்லப்பா. சரி, கோயில் உள்ளே காட்டறேன்னியே, வா. இந்தத் தடவை முதுகைக் காட்டாம நட.”

அஞ்சாப்புலிக்குப் பெரியப்பாவின் பேச்சில் விட்டுப்போன பாதி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சிரிப்பும் வந்தது.

கோயிலுக்குள்ளும் அவன் பக்கவாட்டிலேயே நடந்தான். மருதமுத்து வழியெல்லாம் கேலி செய்துகொண்டே வந்தான். அன்று முதல்தான் நண்டுகள் நேராக நடப்பதை விட்டன: மறுநாள் வரவிருந்த கொக்குக் குடும்பத்துக்கும் அப்படியே நடந்து காட்டுவதென்று அஞ்சாப்புலி முடிவு செய்தான்; அவனைப் பார்த்துக் கரையிலிருந்த மற்ற நண்டுகளும் அதையே பழகிக்கொண்டன.