‘ஆதியிலேயே’ என்று ஒரு விதி

முன்னொரு காலத்தில் ஒரு ராஜசபை இருந்தது. அங்கே பொன் கேட்கலாம், பதவி கேட்கலாம், எதிரியின் தலையைக்கூடக் கேட்கலாம். காரணம் மட்டும் கேட்கக் கூடாது. விகடம் பேசும் வேலையில் சேர்ந்த அன்றே இருளாயியிடம் இதைச் சொல்லித்தான் வைத்திருந்தார்கள்.

“என் நிரலை எதுக்குத் தள்ளினீங்க? காரணம் சொல்லுங்க.”

அவள் கேட்டதும் சபை விறைத்துப் போனது.

அந்த நாட்டில் எல்லார் கையிலும் மன்னர் விற்ற மாயக்கண்ணாடி இருந்தது. அதற்குள் நிரல், அதாவது கட்டளைகளின் வரிசை, எழுதிப் போட்டால் கணக்குப் பார்க்கும், பாட்டும் பாடும். இருளாயியின் நிரல், புயல் வருமுன் படகுக்காரர்களை எச்சரிக்கும். அவள் வீட்டில் முதலில் எழுத்துக் கற்றவள் அவள்தான். தனக்குக் கைவந்த மொழியில் எழுதி, தானே செய்த மாற்றுப்பொறியில் போட்டு, அரண்மனை மொழிக்கு மாற்றியிருந்தாள். பிழை ஒன்றுமில்லை. ஆனாலும் பிரதானி திருவேங்கடர் திருப்பி அனுப்பிவிட்டார். கடலிலோ காற்று மாறத் தொடங்கியிருந்தது.

பிரதானி தம் கண்ணாடியை உயர்த்தி, அதிலிருந்த உரிம விதியை வாசித்தார்: “இக்கண்ணாடிக்குள் வரும் எழுத்து யாவும் ஆதியிலேயே அரண்மனை மொழியில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். பிறமொழியில் எழுதி மாற்றியது ஆகாது.”

“நல்லாத்தான் இருக்கு. எழுதினது யாருங்க?”

மன்னர் தம் தாய்மொழியில்தான் சொன்னார் என்றும், அந்தக் கரடுமுரடான பேச்சை அரண்மனை மொழிக்கு அழகாக மாற்றியது தாமே என்றும் பிரதானி மீசையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“அப்ப இந்த விதியே மாத்தி எழுதினதுதான். அதுவும் கண்ணாடிக்குள்ள உக்காந்திருக்கு. முதல்ல இதைத் தூக்கி வெளிய போடுங்க மகாராஜா.”

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். அவளுடைய நிரலை அப்போதே உள்ளே விடச் சொல்லி, கைக்காப்பைக் கழற்றி நீட்டினார். விதி மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

“நாளைக்கு இன்னொருத்தி வருவா. அவளுக்கு உங்களைச் சிரிக்க வைக்கத் தெரியலைன்னா?”

மன்னர் காப்பை இன்னும் சற்று அவள் பக்கம் நகர்த்தினார்.

காப்பை வாங்காமல் இருளாயி திரும்பி நடந்தாள். சிரிப்பு மூட்டித்தான் நியாயம் வாங்க வேண்டுமென்றால் அந்த வேலையே வேண்டாம். மாற்றுப்பொறியை ஊருக்கே இலவசமாகக் கொடுத்துவிடுவது, உரிமம் கேட்காமல் சந்தையில் பிறர் விற்கத் தொடங்கியிருந்த கண்ணாடிகளின் மொழிக்கும் மாற்ற அதைப் பழக்குவது என்று அவள் முடிவெடுத்திருந்தாள். பின்னால் மன்னர் கூப்பிட்டார். அவள் வாசலைத் தாண்டியிருந்தாள்.