குட்டிக்கரணம் போட்ட விமானமும் சாம்பார் மூடியும்

விமானத்துக்குச் சாப்பாடு கட்டித் தருகிற சமையல்கூடம் அது. சாம்பார்க் கிண்ணங்களுக்கெல்லாம் மூடி போடுகிறவள் அமலோற்பவம். ஒருநாள் காலை, கேப்டன் உதயசங்கர் மஞ்சள் கறை படிந்த வெள்ளைச் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து குதித்தார்.

"இந்தம்மா போட்ட மூடி கழண்டு, நேத்து டெல்லி போறப்ப சாம்பார் முழுக்க என் மேலே!"

மேனேஜர் குணாளனுக்கு வேர்த்துவிட்டது. "நேத்துப் போட்ட மூடி இறுக்கமா இருந்துச்சுன்னு இப்பவே நிரூபி. இல்லேன்னா வேலை கிடையாது" என்றார்.

நேற்றைய மூடிக்கு அவள் எங்கே போவாள்? மாதாவை ஒருதரம் மனசில் நினைத்துக்கொண்டு, பணிவாகக் கேட்டாள்.

"கேப்டன் சார், நேத்து நீங்க விமானத்தையே கவுத்துப் போட்டு ஓட்டுனீங்களாமே? ஏர்போர்ட் முழுக்க அதே பேச்சு."

கேப்டனுக்கு முகமெல்லாம் பல். "பின்னே? நாக்பூருக்கு மேலே, நூத்தியெண்பது பேரோட மூணு குட்டிக்கரணம்! அப்புறம் கால்மணி நேரம் தலைகீழாவே போனோம். ஒரு கைக்குழந்தைகூட முழிக்கலை!"

"சாம்பார் சிந்தலையா சார்?"

"ஒரு சொட்டுகூட இல்லை! ஒரு கிண்ணம்கூடத் திறக்கலையே!"

"மேனேஜர் சார், அதையும் அந்தப் புகார்லயே எழுதிக்குங்க. அத்தனைக்கும் மூடி போட்டது நான்தான்" என்றாள் அமலோற்பவம்.

மேனேஜர் பேனாவைத் திறந்தார். கேப்டன் சட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் ஒளித்தார்.

"எழுதாதீங்க. டெல்லியில இறங்கினப்புறம், சாப்பிடறப்ப நானேதான் கொட்டிக்கிட்டேன்" என்று முணுமுணுத்தார். வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்தார். "ஆனா அந்த மூணு குட்டிக்கரணம் மட்டும் சத்தியம்!"