மாடு ஏறாத மாடிக்கு மீன் போன கதை

ஒரு ஊர்ல ஒரு கண்ணாடித் தொட்டி. தொட்டி நிறையத் தண்ணி, தண்ணிக்குள்ள ஒரே ஒரு மீனு. செக்கச்செவேல்னு, குண்டா, உருண்டையா இருக்கும். அதனால பேரு தக்காளி. ம் கொட்டுடா. கொட்டலன்னா நிறுத்திடுவேன்.

ம்... அப்படி வா வழிக்கு.

தக்காளிய வளத்தவரு கனகசபை. ஆபீஸ்ல வாயே தொறக்க மாட்டாரு மனுஷன். வீட்டுக்கு வந்தா தொட்டி முன்னாடி நாற்காலியப் போட்டுக்கிட்டு, "இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா தக்காளி?"ன்னு ஆரம்பிச்சிடுவாரு. அது 'பொளக் பொளக்'னு வாயத் தொறந்து மூடும். அவருக்கு அது போதும். அவர் பொண்டாட்டி வேதவல்லிக்கு அதப் பாத்தாலே பத்திக்கிட்டு வரும். வராதா பின்ன? தொட்டி கழுவுற அழுக்கெல்லாம் அவ பாத்திரம் தேய்க்கிற இடத்துலதான போய் விழும்!

அப்புறம், அவங்க மூணாவது மாடியில புதுசா ஒரு வீடு வாங்கினாங்க. வேதவல்லி இடுப்புல கைய வெச்சுக்கிட்டு, "பழைய விளக்குமாறும் அந்த வீட்டுக்கு வராது, இந்த மீனும் வராது"ன்னுட்டா. கனகசபை கெஞ்சினாரு, கொஞ்சினாரு. ம்ஹூம்! கடைசியில, பால் காய்ச்சற அன்னிக்கே தக்காளிய மீன் கடையில விட்டுடறேன்னு வாக்குக் குடுத்துட்டாரு, பாவம்.

ஆனா விடியக்காலையில எந்தக் கடைக்காரன் கடை தொறப்பான்? பால் காய்ச்சற நேரமோ விடியக்காலை. அதனால தொட்டித் தண்ணியவே பாதி வாளிக்கு மொண்டு, தக்காளிய அதுல விட்டு, மேல துணியக் கட்டி, மடியில வெச்சுக்கிட்டு ஆட்டோவுல வந்தாரு. போற எடத்துலயும் அதுக்குப் பழகின தண்ணி வேணுமேன்னு மிச்சத்தக் கேன்ல புடிச்சுக்கிட்டாரு. கடையில சேத்துக் குடுத்துடலாம்னு காலித் தொட்டியும் சாமான் வண்டியில பின்னாலயே வந்துது. "வாசப்படி தாண்டக் கூடாது"ன்னு வேதவல்லி வாளியப் படிக்கட்டுலயே வெக்க வெச்சுட்டா.

அப்போ கனகசபையோட அத்தை தாயம்மா, "மொதல்ல மாடு உள்ள போகணும். அப்புறந்தான் மனுஷங்க"ன்னாங்க. மாடும் வந்துது, கன்னுக்குட்டியோட. மூணாவது மாடிடா!

மொதல்ல படி வழியா ஏத்தினாங்க. ரெண்டு படி ஏறிச்சு. 'ம்ம்மாஆ!' பொத்துனு படுத்துக்கிச்சு. அப்புறம் லிப்டுல ஏத்தினாங்க. தல உள்ள, வாலு வெளிய. கதவு மூடப் பாக்குது, டிங்! தொறக்குது. மூடப் பாக்குது, டிங்! மாடு பயந்துபோய் அங்கயே சொத்துனு சாணி போட்டுது. "அது ஒண்ணாவது மங்கலமா நடந்துதே"ன்னாங்க அத்தை. மூணாவது தடவ, கன்னுக்குட்டிய மட்டும் கனகசபை தோள்ல தூக்கிக்கிட்டு ஏறினாரு. விட்டுது பாரு ஒரு ஒத, தடால்! டொக்கு டொக்குனு கன்னுக்குட்டி கீழ ஓட, மாடு அதுக்குப் பின்னால ஓட, மாட்டுக்காரர் மாட்டுக்குப் பின்னால ஓட, தெருவே வேடிக்கை பாக்குது.

சிரிக்காத. இது தூங்கற கதை.

நல்ல நேரம் முடியப் போகுது. "உசுரோட ஏதாவது ஒண்ணு சீக்கிரம் உள்ள போகணும்!"னு அத்தை கத்தறாங்க. அப்போ படிக்கட்டுல, வாளிக்குள்ள 'பொளக்'னு ஒரு சத்தம். அத்தை துணிய விலக்கிப் பாத்தாங்க.

"இது போதுமே!"

"மீனா?"ன்னு வேதவல்லி மூஞ்சியச் சுளிச்சா.

"பெருமாள் எடுத்த மொத அவதாரமே மீனுதான்டி. மாடா எடுத்தாரு? டேய் கனகு, வலது கால எடுத்து வெச்சு வரச் சொல்லு."

"அதுக்குக் காலே இல்லையே அத்தை..."

"உன் கால வைடா. நீதான வாகனம்!"

கனகசபை வாளியத் தூக்கிக்கிட்டு வாசப்படிக்கு வந்து நிக்கறாரு. வேதவல்லி வாளிக்குக் குங்குமம் வெச்சா, ஆரத்தி எடுத்தா. வீட்டுக்காரி வாயத் தொறந்து கூப்பிட்டாத்தான உள்ள வர முடியும்? அவ எட்டிப் பாத்தா. மீனும் அவளையே பாத்துது.

"வா... தக்காளி. உள்ள வா"ன்னா. இத்தன வருஷத்துல அவ அதப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல.

அப்புறம் பால் பொங்கி வழிஞ்சுது. எல்லாரும் இட்லி, கேசரி சாப்பிட்டாங்க. வெயில் ஏறிச்சு. கடை தொறக்கற நேரம் ஆச்சு. கனகசபை வாக்குக் குடுத்தவராச்சே! சத்தமில்லாம வாளிய எடுத்துக்கிட்டு வாசப்பக்கம் நடந்தாரு. கண்ணு ரெண்டும் கொளமா நிக்குது.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"கடைக்கு..."

"நல்லாருக்கே! பெருமாள என் வாயால உள்ள கூப்பிட வெச்சுட்டு, பந்தி முடிஞ்சதும் வெளிய தொரத்துவீங்களா? எந்த ஊரு வழக்கம் இது? போய்த் தொட்டியத் தூக்கிட்டு வாங்க. பாத்து, எங்கயும் இடிச்சுடாதீங்க!"

மனுஷன் வாளியக் கட்டிப் புடிச்சுக்கிட்டு வாசப்படியிலயே உக்காந்து அழுதுட்டாரு.

ம்... சத்தமே காணோமே? சரி. மாடு மாட்டு வீட்டுக்குப் போச்சு, மீனு மீன் வீட்டுக்குப் போச்சு, கதை கதை வீட்டுக்குப் போச்சு. நீ தூக்கத்து வீட்டுக்குப் போ, கண்ணு. வலது கால எடுத்து வெச்சுப் போ.