பாய் விரித்த பள்ளிக்கூடம்

கதை முடிந்ததும் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். ஆகவே கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

வேங்கைநாடு என்னும் சிறு நாட்டை மாறவேள் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன், ஆனால் மனம் இளகினால் உடனே ஒரு சட்டம் போட்டுவிடுவான். ஒரு நாள் தலைநகரப் பள்ளிக்கூடத்தின் கிணற்றடியில் ஒரு சிறுமி வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். அவளுடைய தகப்பன் அவளைத் தோளில் சுமந்துகொண்டு நேரே அரசவைக்கு வந்து நின்றான். கட்டுப் போட்ட அந்தச் சின்னக் கையைப் பார்த்து அரசனுக்குப் பொறுக்கவில்லை. அங்கேயே இரண்டு சட்டங்களைச் சொன்னான். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று. அதற்குச் சுவரோ ஓடோ வேண்டுமென்று ஆசிரியர் கேட்டால் கருவூலம் கொடுக்கும். அப்படியும் ஒரு பிள்ளைக்கு அடிபட்டால் வைத்தியச் செலவை ஆசிரியரே தம் கையிலிருந்து கொடுக்க வேண்டும் என்பது மற்றொன்று.

அமைச்சர் மெல்லக் கேட்டார். "இதனால் நமக்கு எவ்வளவு செலவாகும், அரசே?"

அரசனுக்குத் தெரியவில்லை. சரியாகச் சொல்பவருக்குச் செலவுக் கணிப்பாளர் பதவி என்று அறிவித்தான். மூன்று பேர் வந்தார்கள்.

முதலாமவர் உருத்திரனார், கருவூலத்திலேயே தலை நரைத்தவர். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமலே பதில் சொல்லிவிட்டார். "ஒரு காசும் ஆகாது. கொடுக்கப்போகிறவர் ஆசிரியர். கருவூலக் கதவைத் திறக்கவே தேவையில்லை."

இரண்டாமவள் நல்லினி, ஆட்களை வைத்துக் கட்டடம் கட்டுவிப்பவள். பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கிணற்றைச் சுற்றி அளந்தாள், கூரையேறி ஓடுகளைத் தட்டிப் பார்த்தாள். "கிணற்றுக்குச் சுவர், படிக்குக் கைப்பிடி, கூரைக்குப் புது ஓடு. நூறு பொன் செலவாகும்" என்றாள்.

மூன்றாமவன் தித்தன், சுங்கச்சாவடியில் வேலை பார்த்தவன். அவனும் பள்ளிக்கூடத்துக்குத்தான் போனான். ஆனால் கிணற்றையும் பார்க்கவில்லை, கூரையையும் பார்க்கவில்லை. ஆசிரியர் மாசாத்தனாரோடு உட்கார்ந்து மோர் குடித்துப் பேசிவிட்டுத் திரும்பினான்.

"கணிக்க முடியாது, அரசே. பிள்ளைகள் ஓடுவார்கள், விழுவார்கள்; அது தெரிந்ததுதான். சட்டம் வந்தபின் அந்த ஆசிரியர் என்ன செய்வார் என்பதுதான் தெரியவில்லை. செலவு அதைப் பொறுத்தது."

"இதைச் சொல்லவா போய்விட்டு வந்தாய்?" என்றான் அரசன்.

யார் சொன்னது பலிக்கிறது என்று பார்க்க, அந்த மழைக்காலம் முழுவதும் அந்த ஒரு பள்ளிக்கூடத்தில் மட்டும் இரண்டு சட்டங்களையும் நடத்திப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

மாசாத்தனார் பிள்ளைகளிடம் பிரியமானவர். கணக்குப் பாடத்தைக்கூடச் சிரிக்கச் சிரிக்க நடத்துவார். சட்டம் வந்த அன்று அவருடைய மனைவி சொன்னாள்: "ஒரு பிள்ளை பல்லை உடைத்துக்கொண்டால் நம் பசு போகும். இன்னொரு பிள்ளையும் உடைத்துக்கொண்டால் இந்த வீடு போகும்."

மாசாத்தனார் யோசித்துப் பார்த்தார். கிணற்றுக்குச் சுவர் கேட்கலாம்தான். கேட்டு, அது வந்து, கட்டி முடிப்பதற்குள் யாராவது விழுந்துவிட்டால்? அதனால் கிணற்றுப் பக்கமே போகக்கூடாது என்றார். பிறகு ஓடக்கூடாது என்றார். எழுத்தாணி கூராக இருந்தது; அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டு மணலில் விரலால் எழுதச் சொன்னார். மணல் ஒரு பிள்ளையின் கண்ணில் விழுந்தது; மணலையும் அள்ளிக் கொட்டினார். இனி வாயால் ஒப்பித்தால் போதும் என்றார். ஒருவன் உரக்க ஒப்பித்து இருமினான். அவ்வளவுதான், எல்லாருக்கும் பாய் விரித்துவிட்டார்.

மழைக்காலம் முடிந்து அரசன் பரிவாரத்தோடு வந்தபோது, பள்ளிக்கூடம் முழுவதும் பிள்ளைகள் வரிசையாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மாசாத்தனார் கையில் விசிறியுடன் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தார்.

"என்ன இது?" என்றான் அரசன்.

"மெதுவாகப் பேசுங்கள், அரசே. தூங்குகிற பிள்ளை விழுவதில்லை."

அரசன் ஒரு சிறுவனை எழுப்பி எழுத்துகளைச் சொல்லச் சொன்னான். அவன் 'அ' சொல்லி, 'ஆ' சொல்ல வாயைத் திறந்தான். அது கொட்டாவியாகவே முடிந்தது. மாசாத்தனார் தலையைக் குனிந்துகொண்டார். "பாடம் நடத்தத் தெரியாதவன் இல்லை, அரசே" என்றார்.

ஒரு பிள்ளைக்கும் அடிபடவில்லை. சுவர் எழவில்லை. ஆசிரியருக்கு வழக்கமான சம்பளம் கொடுக்கப்பட்டது. அதற்குமேல் கருவூலத்திலிருந்து ஒரு காசும் போகவில்லை.

"நான் சொன்னதுதானே நடந்தது? பதவி எனக்கு" என்றார் உருத்திரனார்.

"பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக நடந்திருந்தால் என் நூறு பொன் ஆகியிருக்கும். என் கணக்கில் பிழை இல்லை" என்றாள் நல்லினி.

"ஆசிரியர் என்ன செய்வார் என்பதைப் பொறுத்தது என்றேன். இதோ, செய்திருக்கிறார்" என்றான் தித்தன்.

உருத்திரனார் சீறினார். "தெரியாது என்று சொல்பவன் எப்படித் தோற்பான்? இதற்கெல்லாம் பதவியா?"

அரசன் மூவரையும் மாறி மாறிப் பார்த்தான். இப்போது நீங்கள் சொல்லுங்கள்: இந்த மூவரில் சட்டத்தின் செலவைச் சரியாகக் கணித்தவர் யார்?

விடை: தித்தன்தான். உருத்திரனார் சொன்ன தொகை பலித்தது. சொன்ன காரணம் பலிக்கவில்லை. ஆசிரியர் கொடுப்பார் என்றார். ஆசிரியரும் ஒன்றும் கொடுக்கவில்லை. மேலும், ஒரு மழைக்காலம் முழுவதும் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்துப் பிள்ளைகளைத் தூங்க வைத்தது செலவு அல்லாமல் வேறென்ன? நல்லினி சொன்னது பத்திரமான பள்ளிக்கூடத்தின் விலை. அரசன் கேட்டதோ சட்டத்தின் விலை. தித்தன் மட்டுமே, சட்டம் யார் தலையில் இறங்குமோ அவரைப் போய்ப் பார்த்தான். வெறுமனே தெரியாது என்று சொல்லாமல், எது தெரியவில்லை என்பதையும் சொன்னான். அரசனும் அப்படியே தீர்ப்பளித்தான். பதவி தித்தனுக்கு; சுவரும் மற்றதும் கட்ட நூறு பொன் நல்லினிக்கு. இரண்டாவது சட்டம் அங்கேயே நீக்கப்பட்டது. மாசாத்தனார் ஆனந்தமாகக் கைதட்டிப் பிள்ளைகளை எழுப்பினார். பாதிப் பேர் புரண்டு படுத்துக்கொண்டார்கள்.