வீரணன் ஓட்டிய சாம்பிள் புரோகிராம்

வீரணனுக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. உச்சிமண்டைக்கே ஏறிவிட்டது. ஏறாதா பின்னே? சோறு தண்ணி பாராமல் உழைத்த மனிதரிடம், மகள் வயதுப் பெண் ஒருத்தி வந்து "கையெழுத்துப் போட மாட்டேன்" என்றால் யாருக்குத்தான் ஏறாது?

விஷயம் இதுதான். தேனியில் இருந்த ஓய்வூதிய நிதிக் கிளை ஒன்றுக்குப் புது சர்வர் வந்திருந்தது. கவுண்டரில் இருக்கிற சின்னக் கணினிகளுக்கும், சென்னைத் தலைமை அலுவலகத்தில் இருக்கிற மெயின்ஃபிரேம் என்ற பெரிய கணினிக்கும் நடுவில் நின்று, கேள்வியை அங்கே கொடுத்துப் பதிலை இங்கே வாங்கித் தருவதுதான் அதன் வேலை. யாருடைய ஓய்வூதியக் கணக்காக இருந்தாலும் விவரம் மெயின்ஃபிரேமிடம்தான் இருந்தது.

இணைப்பைச் சோதித்துப் பார்க்க, சர்வரோடு சாம்பிள் புரோகிராம்கள் ஜோடி ஜோடியாக வந்திருந்தன. ஒன்று கூப்பிடும். அதன் ஜோடி பதில் சொல்லும். சரியாக நடந்தால் திரையில் 'வெற்றி' என்று வரும். அவற்றை ஓட்டிப் பார்க்கிற பொறுப்பு, காலமெல்லாம் டைப்பிங் பிரிவிலேயே கிடந்த வீரணன் தலையில் விழுந்தது.

"இவரா? இவருக்கு மவுஸைப் பிடிக்கவே வராதே!" என்று ஆபீஸே சிரித்தது. அப்படிச் சிரித்தவர்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டு, நேற்றுச் சாயங்காலம் மேலாளரிடம் போய் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டார். "எல்லாம் ஓடிருச்சு சார். திங்கக்கிழமை கவுண்டரைத் தொறந்துரலாம்."

குருவின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

குரு என்றதும் தாடியும் காவியுமாக யாரையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பெயர் பிரிசில்லா. வயது முப்பதைத் தாண்டாது. வீரணனுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுக்கச் சென்னையிலிருந்து வந்திருந்தார்.

"கையெழுத்து இப்ப வேணாம் சார்," என்றார் பிரிசில்லா.

"ஏன் வேணாம்?"

"இன்னும் சோதிக்கவே இல்லையே."

"சோதிக்கலையா? அத்தனை சாம்பிளும் ஓடுச்சு மேடம்! எல்லாத்துலயும் வெற்றி, வெற்றின்னு வந்துச்சு. ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்!"

"நானும் பாத்தேன்."

"அப்புறம் என்ன?"

பிரிசில்லா டீயை எடுத்துக் குடித்தார். அதுதான் வீரணனுக்குப் பொறுக்கவில்லை. திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இப்படி ஆற அமர டீ குடித்தால் எப்படி?

"எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் தகராறுதான். அதுக்காக வேலை தெரியாதவன்னு நெனச்சுட்டீங்களா? கையேட்டை எழுத்துக் கூட்டிப் படிச்சு, அதுல போட்டபடியே செஞ்சேன். 'முதல்ல ரெண்டு புரோகிராமையும் ஒரே சர்வர்ல வச்சு ஓட்டிப் பாருங்க'ன்னு போட்டிருந்துச்சு. வச்சேன். ஓட்டினேன். ஓடுச்சு. இதுல என்ன நொட்டை சொல்றீங்க?"

"ஒரு நொட்டையும் இல்ல. இன்னொரு தடவை ஓட்டுங்க சார்."

"நூறு தடவை ஓட்டுறேன்!"

நாற்காலியைச் சர்ரென்று இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தட்டினார். வெற்றி. "பாத்துக்கங்க!" மறுபடியும் தட்டினார். வெற்றி. "நல்லாப் பாத்துக்கங்க!"

பிரிசில்லா எழுந்து சர்வருக்குப் பின்னால் போனார். சென்னை லைனுக்குப் போகிற கேபிளைப் பிடுங்கினார். அதன் முனையை இழுத்து வந்து வீரணன் கண் முன்னால் பிடித்துக் காட்டினார்.

"இப்ப ஓட்டுங்க."

"லைனைப் பிடுங்கிட்டு ஓட்டுன்னா? கிண்டலா மேடம்?"

"சும்மா ஓட்டுங்க சார்."

வீரணன் தட்டினார்.

வெற்றி.

கேபிளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். இன்னொரு தடவை தட்டினார். அதே வெற்றி. சென்னை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று அது பாட்டுக்கு ஓடியது.

"அப்ப... எனக்கு இத்தனை நாளாப் பதில் சொன்னது யாரு?"

"உங்க சர்வர்தான். கேட்டதும் அதுதான், சொன்னதும் அதுதான்."

"அட களவாணிப்பயலே!" வீரணன் மேஜையில் ஓங்கி அறைந்தார். "நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு உன் முன்னாடி உக்காந்திருந்தேனேடா! சென்னைக்கே போகலைன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க அதுகிட்ட சென்னையைக் கூப்பிடுன்னு சொல்லவே இல்லையே சார். கையேட்டுல அடுத்த பக்கம் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. வெற்றி என்று வந்த சந்தோஷத்தில் எவன் அடுத்த பக்கத்தைப் புரட்டுவான்?

பிரிசில்லா கேபிளைத் திரும்பச் செருகினார். பதில் சொல்கிற ஜோடியைச் சென்னைக்காரர்கள் மெயின்ஃபிரேமில் முன்னமே ஏற்றி வைத்திருந்தார்கள். கூப்பிட வேண்டிய இடத்தில் சொந்த சர்வரின் பெயரை அழித்துவிட்டு, மெயின்ஃபிரேமின் பெயரை எழுத வேண்டியதுதான் பாக்கி. வீரணன் எழுதினார். தட்டினார்.

உடனே ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் பொறுத்து வந்தது. 'இந்தப் பெயரில் அழைப்பவருக்கு இங்கே அனுமதி இல்லை. அழைப்பு மறுக்கப்பட்டது.'

திரும்பவும் தட்டினார். திரும்பவும் மறுப்பு.

அவ்வளவுதான். வீரணன் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது.

"திருப்திதானே மேடம்? குளுகுளுன்னு இருக்குமே! நல்லா ஓடிக்கிட்டிருந்ததைக் கெடுத்தாச்சு. எல்லாம் ஓடிருச்சுன்னு நேத்துச் சொன்ன வாயால இன்னைக்கு எதைச் சொல்றது? மேலாளர் முன்னாடி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய் நிப்பேன்? சிரிச்சவனெல்லாம் இனிமே கைகொட்டிச் சிரிப்பானே! என் மானம் மரியாதை அத்தனையும் போச்சே!"

பிரிசில்லா குனிந்து நாற்காலியை நிமிர்த்தி வைத்தார்.

"அனுமதி இல்லைன்னு சொன்னது யாரு சார்?"

"சென்னைதான்! வேற யாரு சொல்லுவா?"

"அனுமதிய அப்புறம் கேட்டு வாங்கிக்கலாம். இப்ப மேலாளர்கிட்ட அதையே போய்ச் சொல்லுங்க. சென்னை இன்னைக்குத்தான் நம்மகிட்ட வாயைத் திறந்துருக்குன்னு."